யாருமே தப்பென்று நினைக்காத தப்பு

"சரி, தப்பு எல்லாம் நாமாக வைத்துக்கொண்டதுதான். மனுஷன் இல்லாவிட்டால் அறமும் கிடையாது, ஒன்றும் கிடையாது." நேற்றுப் பேச்சுவாக்கில் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார், சுற்றியிருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் பல வருஷம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், சொன்னால் கொஞ்சம் விவரமான ஆள் போலவும் தெரியும். இப்போது வாய் வரவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

பள்ளியில் எங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். 'ம'வில் தொடங்கும் சொல் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், கண்ணை இறுக மூடிக்கொள்வான். பாடத்தை வாசிக்க அவன் எழுந்தாலே பின் பெஞ்சிலிருந்து யாராவது அவனுக்கு முன்னால் "ம்ம்ம்..." என்று ஆரம்பித்துவிடுவோம். அதில் நான் கைதேர்ந்தவன், இடைவேளையில் இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்லிக் கேட்பார்கள். ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவனும் சிரிப்பான். அந்த அறையில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, விளையாட்டு, அவ்வளவுதான். எனக்கு உறைத்தது பதினைந்து வருஷம் கழித்து. அலுவலகக் கூட்டம் ஒன்றில் ஒருவர் என்னைப் போலவே பேசிக்காட்ட, எல்லாரும் சிரிக்க, வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்து சிரித்தேன் பாருங்கள், அப்போது.

சரி, அது எப்போது தப்பானது? எனக்கு உறைத்த அன்றா, நடந்த அன்றா?

அறம் என்பது வெறும் நம்பிக்கைதான் என்றால், அன்று யாரும் தப்பென்று நினைக்கவில்லை, ஆகவே அன்று அது தப்பே இல்லை, பிறகு என் மனசு மாறிவிட்டது, கதை முடிந்தது. போன வருஷம் பிடித்த சட்டை இந்த வருஷம் பிடிக்காமல் போகிற மாதிரி. ஆனால் பழைய சட்டையைப் பார்த்து யாருக்காவது உடம்பு கூசுமா? எனக்கு வந்தது "நான் மாறிவிட்டேன்" என்ற நினைப்பு இல்லை. "அன்றைக்கே தப்பு, எனக்குத்தான் தெரியாமல் போச்சு" என்ற நினைப்பு. தெரியாமல் போச்சு என்று சொல்ல வேண்டுமானால், தெரிந்துகொள்ள ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும் இல்லையா?

இதையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். மொரிட்டானியா நாடு அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1981இல். நடுவில் போனது இரண்டாயிரத்து முந்நூறு வருஷம். நம்பிக்கைதான் அறத்தைத் தீர்மானிக்கிறது என்றால், அந்தக் காலத்தில் பல சமூகங்களில் அடிமை முறை சரிதான், அதை எதிர்த்து முதலில் வாய் திறந்த ஆள்தான் அறம் கெட்டவர். இதை ஒப்புக்கொள்கிறேன் என்று நேராகச் சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

"என் அறமே உண்மை என்று சொல்லிக்கொண்டுதானே அடுத்தவன் நாட்டைப் பிடித்தார்கள்?" என்பார்கள். நியாயமான கேள்வி. 1947இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானிடவியல் சங்கம் ஏறக்குறைய இந்தக் கவலையோடுதான் ஓர் அறிக்கை கொடுத்தது. ஆனால் "அடுத்தவர் மேல் திணிக்காதே" என்பது என்னவாம்? அதுவும் வெறும் உள்ளூர் வழக்கம் என்றால் திணிப்பவர் அதை ஏன் மதிக்க வேண்டும்?

நிஜமாகவே என்னைத் தூங்கவிடாத எதிர்வாதம் டார்வினுடையது. 1871இல் அவர் எழுதினார்: மனிதர்கள் தேனீக்களைப் போலவே வளர்ந்து வந்திருந்தால், மணமாகாத பெண்கள் தங்கள் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாக நினைத்திருப்பார்கள். அதாவது நம் மனசாட்சியே பரிணாமம் பொருத்திவிட்ட ஒரு கருவி, அது உண்மையைக் காட்டத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1977இல் மாக்கி என்ற தத்துவவாதி இன்னொரு பக்கமிருந்து வந்தார்: அற உண்மை என்று ஒன்று இருந்தால் அது உலகத்தில் வேறு எதைப் போலவும் இல்லாத விசித்திரமான பொருளாக இருக்க வேண்டும், அதை எந்தப் புலனால் பார்ப்பது?

இங்கேதான் நாம் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று எனக்குப் படுகிறது. உயிர்களைச் சார்ந்திருப்பது வேறு, உயிர்களின் அபிப்பிராயத்தைச் சார்ந்திருப்பது வேறு. சிகரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் அதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் மருத்துவர்களே ஊதிக்கொண்டிருந்தார்கள். அதனால் அதுவரை புகை நுரையீரலைக் கெடுக்காமல் இருந்ததா? நுரையீரலே இல்லாத உலகத்தில் "புகை கெடுதல்" என்பதற்கு அர்த்தம் இல்லை, சரி. ஆனால் நுரையீரல் இருக்கிற உலகத்தில் யார் என்ன நினைத்தாலும் கெடுதல் கெடுதல்தான். அறமும் அப்படித்தான் என்பது என் கட்சி. அது வானத்தில் எங்கோ மிதக்க வேண்டியதில்லை, வலிக்கக்கூடிய ஓர் உயிர் இருந்தால் போதும். டார்வினின் தேனீப் பெண்கள் கடமை என்றே நினைத்திருக்கட்டும், வாழ ஆசைப்படும் சகோதரன் ஒருவன் அங்கே இருந்தால் அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கும்.

"கெடுதல் என்பது உண்மை, சரி. 'ஆகவே செய்யாதே' எங்கிருந்து வந்தது?" என்று தத்துவவாதி ஹியூமின் பழைய கேள்வியோடு யாராவது கீழே கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். 'இருக்கிறது' என்பதற்கும் 'செய்யாதே' என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தை என்னால் முழுசாக மூட முடியவில்லை. ஆனால் "ஆதாரம் இருக்கிறது, ஆகவே நம்பு" என்பதிலும் அதே பள்ளம்தான் இருக்கிறது. வேண்டும், கூடாது எல்லாம் கற்பனை என்றால் உங்கள் வாதத்தை நான் ஏன் ஏற்க வேண்டும்?

(ஆங்கிலத்தில் எழுதும் தத்துவக்காரர்களிடம் 2020இல் எடுத்த கணக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் அற உண்மைகள் உண்டு என்ற பக்கம் சாய்ந்தார்கள். பெரும்பான்மை சொன்னால் உண்மையாகிவிடாது என்று வாதாடிக்கொண்டிருக்கிற நான் இதைத் துணைக்கு இழுப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.)

அந்தத் திக்கிப் பேசிய பையனைப் போன வருஷம் தேடிப் பிடித்து போன் செய்தேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லைடா, விடு" என்றான். பொய்யா, நிஜமா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. 'ம' இப்போது தடங்கல் இல்லாமல் வருகிறது. கூடப் படித்த மற்றவர்களைக் கேட்டால் அப்படி ஒரு பையன் இருந்தானா என்கிறார்கள். ஆக அன்று நடந்ததைத் தப்பு என்று சொல்ல நான் ஒருத்தன்தான் பாக்கி. நாளைக்கு நானும் மறந்துபோனால், அது தப்பில்லாமல் போய்விடுமா?