எதிரில் ஒரு ஆள் உட்காரட்டும்

முகநூலைத் திறந்தால் தினமும் இரண்டு மூன்று பென்சில் ஓவியங்களாவது கண்ணில் படுகின்றன. ஒரு நடிகர், ஒரு தலைவர், இல்லையென்றால் முகமெல்லாம் சுருக்கம் விழுந்த யாரோ ஒரு தாத்தா. தாடி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பார்த்து வரைந்த போட்டோவையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். கீழே வரிசையாக "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்று பாராட்டு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கட்டம் போட்டு, வாரக்கணக்கில் கண் வலிக்க உட்கார்ந்து, தேய்த்துத் தேய்த்து எடுக்கிற வேலை அது. ஆனால் அப்படி வரைகிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், உயிரோடு இருக்கிற ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்து ஒரு முறைகூட வரைந்ததில்லை என்று பலர் சொல்கிறார்கள். இவ்வளவு பொறுமையும் கைத்திறனும் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

உருவப்படம் கற்றுக்கொள்ள ஆசைப்படும் யாரிடமும் நான் சொல்வது இதுதான். போனை எடுத்து உள்ளே வையுங்கள். வீட்டில் இருக்கிற யாரையாவது ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள்.

போட்டோவில் முக்கால்வாசி முடிவுகளை கேமராவே எடுத்து முடித்துவிடுகிறது. ஒரே இடத்தில் நின்று, ஒற்றைக் கண்ணால், கண்ணிமைக்கும் நேரம் மட்டும் பார்த்தது அது. கை எட்டுகிற தூரத்தில் போனைப் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்திருக்கும், காது சிறுத்துப் பின்னால் போயிருக்கும். அதை மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தால் இல்லாத அந்தப் பெருத்த மூக்கையும் சேர்த்தே வரைகிறோம். அப்புறம், தோலை வழுவழுவென்று ஆக்கும் வேலையை இப்போது பல போன்கள் நம்மைக் கேட்காமலேயே செய்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தில் தாடைக்குக் கீழே இருக்கும் நிழல் வெறும் கறுப்புத் திட்டாகத்தான் விழுந்திருக்கும். நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள்ளேயே மூன்று நான்கு நிறம் இருக்கிறது.

நம் ஊர் ஆட்களை வரைகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் தோலின் நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயின்ட் கடைகளில் 'ஃப்ளெஷ் டின்ட்', அதாவது தோல் நிறம், என்று ஒரு டியூப் கிடைக்கும். பிதுக்கினால் வெளிர் ரோஸ் வரும். அமெரிக்காவில் க்ரையோலா கம்பெனி தன் கிரேயான் பெட்டியில் இதே மாதிரி ஒரு நிறத்துக்கு 'ஃப்ளெஷ்' என்று வைத்திருந்த பெயரை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த ரோஸ் கிரேயானை "ஸ்கின் கலர் குடுடா" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். கேட்கிற பிள்ளைக்கும் கொடுக்கிற பிள்ளைக்கும் அந்த நிறம் கிடையாது. எதிரில் ஆளை வைத்து வண்ணம் தீட்ட ஆரம்பித்தால் இந்தப் பழக்கம் சீக்கிரமே விட்டுப்போகும். அந்த முகத்தில் எந்த இடத்தில் வைத்தாலும் அந்த டியூப் ஒட்டாது.

நல்ல கறுப்பான ஒருவரை, வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் காலை நேரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நெற்றியிலும் கன்ன எலும்பின் மேலும் வானத்தின் நீலம் படிந்திருக்கும். கறுத்த தோலில் மினுமினுப்பு எடுப்பாகத் தெரியும், அதனால் அந்த நீலமும் எடுப்பாகத் தெரியும். வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்குகிற இடத்தில் செம்பு நிறம் ஏறி நிற்கும். மூக்கு நுனியிலும் காது மடலிலும் ரத்தச் சிவப்பு லேசாகக் கலந்திருக்கும். வெள்ளை வேட்டி கட்டியிருந்தால் மடியில் விழுந்த வெளிச்சம் திரும்ப மேலே எழும்பித் தாடைக்கு அடியில் மங்கலாகப் படும். மஞ்சள் சேலை என்றால் அதே இடம் தேன் நிறத்துக்குப் போய்விடும். இதை வரைய வண்ணமும் நிறைய வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை போதும். சியன்னாவையும் அல்ட்ராமரைனையும் அளவு மாற்றி மாற்றிக் கலந்தாலே பழுப்பிலிருந்து கிட்டத்தட்ட கறுப்பு வரைக்கும் போகலாம். வெளிச்சம் காட்ட வேண்டுமே என்று வெறும் வெள்ளையைக் கலந்தால்தான் வினை. தோல் சாம்பல் பூத்துப்போகும்.

ஆர்டருக்கு வரைகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க." கல்யாணப் பரிசுக்கு வரையக் கேட்கிறவர்கள், பெண் கறுப்பாக இருந்தால் இதைச் சொல்லாமல் போவது அபூர்வம். சில சமயம் அந்தப் பெண்ணையே பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு வயிறு எரியும். அந்த வேலையை நான் எடுப்பதில்லை, பணம் போனால் போகட்டும். ஆனால் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஆள் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டால் இந்தப் பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. தன் கன்னத்துக்கு நீலமும் செம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்வதைக் கூடவே இருந்து பார்க்கிற பெண், தன் நிறத்தை ஒருவர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து வேலை செய்கிறார் என்பதையும் பார்க்கிறாள். வெளுப்பாக்கச் சொல்ல அவளுக்கு வாய் வருவதில்லை.

அடுத்தது நேரம். உட்காருகிறவர் முதலில் போட்டோவுக்கு நிற்கிற முகத்தோடுதான் இருப்பார். வாய் இறுகியிருக்கும், முதுகு விறைத்திருக்கும். அரை மணி நேரம் போகட்டும். தோள் இறங்கும், உடம்பு தன் வழக்கப்படி ஒரு பக்கம் சாயும், வாயோரம் தளரும், இமை கொஞ்சம் கீழே வரும். வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த முகம் அப்போதுதான் வெளியே வருகிறது. நடுவில் அவர் பேசுவார், ஈ விரட்டுவார், யாராவது வந்தால் திரும்பிப் பார்ப்பார். சற்று முன்னால் போட்ட கோடு இப்போது பொருந்தாது. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று ஒவ்வொரு முறையும் நாமேதான் தீர்மானிக்க வேண்டும். போட்டோவைப் பார்த்து வரைகிறபோது இந்தத் தீர்மானம் எதற்கும் இடமே இல்லை.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு முன்னால் விக் வைத்துக்கொண்டு, எதையும் காட்டிக்கொள்ளாமல் நிற்பதில் கைதேர்ந்தவர். 1968இல் அவரைச் சுட்டார்கள், உயிர் பிழைத்ததே பெரிய காரியம். இரண்டு வருடம் கழித்து நியூயார்க்கில் ஆலிஸ் நீல் என்ற ஓவியர் முன்னால் அவர் உட்கார்ந்தார். சட்டை இல்லை. மார்பிலும் வயிற்றிலும் அறுவைத் தழும்புகள், இடுப்பில் அவர் கட்டியிருந்த மருத்துவக் கச்சை, தொங்கிப்போன மார்பு, மூடிய கண். அந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இதை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை என்பதுதான். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணியிடம் அவராகவே காட்டியிருக்கிறார்.

நேரம் என்று எடுத்தால் கணக்கே இல்லாமல் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1899இல் தன்னை பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்தபோது 115 தடவை உட்கார்ந்ததாக வொல்லார் என்ற ஓவிய வியாபாரி எழுதியிருக்கிறார். அப்படியும் கையில் இரண்டு சின்ன இடம் வண்ணம் படாமலே நின்றுவிட்டது. லூசியன் ஃப்ராய்டு என்ற ஓவியர் தன்னை வரைவதற்காக இன்னொரு ஓவியரான டேவிட் ஹாக்னி 100 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். அதே ஹாக்னி தன் நண்பர்களையும் வீட்டில் வேலை பார்க்கிறவர்களையும் தெரிந்தவர்களையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு மூன்று நாள் என்று வரைந்தார். 82 உருவப்படங்கள் 2016இல் லண்டன் ராயல் அகாடமியில் தொங்கின. நாற்காலி மாறவில்லை, கான்வாஸ் அளவு மாறவில்லை. அதனாலேயே ஒவ்வொருவரும் உட்காரும் விதம் எவ்வளவு வேறு என்பது பளிச்சென்று தெரிகிறது.

"ரவி வர்மாவே போட்டோவைப் பயன்படுத்தியவர்தானே" என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான், பயன்படுத்தினார். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கண் பழகியது வேறு இடத்தில். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்து மன்னர் குடும்பத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோது, இளைஞராக இருந்த ரவி வர்மா பக்கத்தில் நின்று பார்த்தார். ஆளை நேரில் பார்த்துப் பழகிய பிறகு போட்டோவைத் தொட்டால் அது வேறு. போட்டோ எங்கே பொய் சொல்கிறது என்று அப்போது தெரியும். நம் சென்னை ஓவியக் கல்லூரியும் 1850இலிருந்து வருகிற பள்ளி. அங்கே முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்த மெரினா உழைப்பாளர் சிலைக்குக் கல்லூரியின் காவலாளியும் ஒரு மாணவரும் மாடலாக நின்றதாகச் சொல்வார்கள். கடற்கரைக்குப் போகும்போது அந்த முதுகுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள், நேரில் நின்ற உடம்பு என்பது தெரியும்.

இறந்துபோனவர்களை வரைவதற்குப் போட்டோவை விட்டால் வழி கிடையாது. ரேஷன் கார்டில் இருந்த நைந்த படத்தை வைத்து ஒரு தாயின் முகத்தை மீட்டுக் கொடுக்கிறார்களே, அந்த ஓவியர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நான் பேசுவது உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி.

அதிலும் வயதானவர்களைப் பற்றி. எங்கள் தெரு முனை வீட்டுப் பாட்டிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு காலத்தில் பாம்படம் என்ற கனத்த காதணி போட்டிருந்த காது. வரையக் கேட்டபோது, "என் மூஞ்சியில என்னய்யா இருக்கு, வரையுததுக்கு?" என்றார். பக்கவாட்டில் உட்கார்ந்தார். காது மடலின் ஓட்டை கிட்டத்தட்ட தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பின்னால் கழுத்து தெரிந்தது. அதன் விளிம்பு சேலைக்கரையைவிட மெல்லியது. தலையை ஆட்டும்போதெல்லாம் அரைக் கணம் தாமதித்து ஆடியது. அந்த ஆட்டத்தைக் கோட்டில் கொண்டுவர முடியாது, ஆனால் அதைப் பார்த்த பிறகு எந்த இடத்தில் கோட்டை அழுத்த வேண்டும், எந்த இடத்தில் விட்டுவிட வேண்டும் என்பது தெரிந்தது. வரைகிற நேரமெல்லாம் அந்தப் பாம்படம் மூத்த மகள் கல்யாணத்துக்கு எப்படி விலை போனது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். படத்தைக் காட்டியதும் முதலில் காதைத்தான் தொட்டுப் பார்த்தார். "அம்புட்டு நீளமாவா இருக்கு" என்று கேட்டுவிட்டு, பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இந்தக் காதுகள் இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கும். புகைப்படக்காரர்கள் நிறைய எடுத்திருக்கிறார்கள், அதுவும் வேண்டியதுதான். ஒரு மணி நேரம் அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்தால் பாட்டியின் பேச்சும் சேர்ந்து கைக்கு வருகிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் சில விஷயம். கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கிறது. பழகாதவர்கள் அதை மேலே ஏற்றிவிடுவார்கள், மண்டை சப்பையாகிவிடும். கண், மூக்கு என்று போவதற்கு முன்னால் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கழுத்து தோளில் எப்படி இறங்குகிறது என்பதைச் சில கோடுகளில் பிடியுங்கள். அது சரியாக விழுந்தால் முகம் எழுதும் முன்பே ஆள் யாரென்று தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தேவையில்லாதது மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். கரிக்குச்சி நல்லது, நுணுக்கம் பார்க்க விடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் அவர்களை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். எழும்முன் நாற்காலிக் கால் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள். வயதானவர்கள் என்றால் தண்ணீர் கொடுங்கள், போதும் என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஓவிய ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசு ஓவியத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது மாடல் டிராயிங் என்று வாளி, சொம்பு, பெட்டி எல்லாம் வரைய வைக்கிறோம். அது இருக்கட்டும். வாரத்தில் ஒரு வகுப்பு, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்துப் பத்து நிமிடம் ஒருவரையொருவர் வரையச் சொல்லுங்கள். செலவு ஒரு பைசா இல்லை. முதல் நாள் சிரித்துத் தள்ளுவார்கள். இரண்டாவது வாரம், "சார், இவன் கண்ணு ரெண்டும் ஒரே மாதிரி இல்ல சார்" என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று சொல்லும். அங்கிருந்து பாடத்தை ஆரம்பிக்கலாம்.