பலாலியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைக் கேலி செய்து ஒரு தம்பி போட்ட அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "இதுக்குப் பேர் சர்வதேச விமான நிலையமாம்" என்று சொல்லிச் சிரித்தபடி கமராவைச் சுற்றிக் காட்டுகிறாரே, அந்த இடத்தில் நிறுத்தினேன். பிறகு மனம் கேளாமல் முழுவதையும் பார்த்தேன். சின்னக் கட்டடம், ஒரு விசிறி விமானம், கொஞ்சக் கதிரைகள். இவ்வளவுதான் அவர் கண்ணில் பட்டது. கீழே எங்கள் ஆட்களே வரிசையாகச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

சின்னதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் பலாலி தானாகச் சின்னதாக இருந்துவிடவில்லை, அதைச் சின்னதாக வைத்திருந்தார்கள். இந்த ஒரு விசயத்தை விளங்கிக்கொண்டு அப்புறம் சிரியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்ததும் பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது பறப்பைத் தொடங்கியபோது, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இருந்து கிளம்பிய டகோட்டா விமானம் பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு இரண்டு மாதம் முந்திய கதை இது. இன்று நாட்டின் பெரிய சர்வதேச விமான நிலையமாக இருக்கிற கட்டுநாயக்கா அப்போதும் பிரித்தானிய விமானப்படையின் தளம். இலங்கையின் முதல் விமானச் சேவை தன் முதல் பயணத்திலேயே காலூன்றிய மண்ணில் நின்றுகொண்டுதான் அந்தத் தம்பி "பஸ் ஸ்ராண்ட் மாதிரி இருக்கு" என்கிறார்.

பிறகு போர் வந்தது. ஓடுபாதை இராணுவத்தின் கைக்குள் போனது. 1990இல் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனம் ஊர் ஊராக எழும்பி வெளியேறியது. மயிலிட்டி, கட்டுவன், வசாவிளான், பலாலி என்று எல்லாம் சனம் போக முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர். பெரும்பாலும் எங்கள் சனம். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் பொதுமக்களுக்கு விமானமே இல்லை. அந்த 55 பேருக்காக அழுத வீடுகள் இன்னமும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. அந்த இடத்தில் நின்று கமராவுக்குப் பல்லைக் காட்டுவதற்கு எப்படி மனம் வருகிறது?

எனக்குப் பலாலி என்றால் முதலில் ஞாபகம் வருவது அப்பாதான். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு கொழும்புக்குப் போக விமானம் இல்லாவிட்டால் கப்பல். இரண்டுக்கும் அனுமதி வேண்டும். அப்பாவுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருந்தது. அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பட்டியலில் பெயர் வந்தபோது அந்தத் திகதி போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கட்டி வைத்த பையை அவிழ்க்கவும் இல்லை. கடைசியில் ஒருநாள் அப்பாவைக் கைத்தாங்கலாக விமானத்தில் ஏற்றியபோது, "இந்த ஓடுபாதையில நாங்கள் சின்னனில சைக்கிள் விட்டுக்கொண்டு வந்து பிளேன் பாத்தனாங்கள்" என்று என் காதுக்குள் சொன்னார். அவர் பிறந்த வீடு அந்த வேலிக்கு அப்பால்தான். எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை.

சரி, "பழசைக் கிளறாதே, இப்போது யார் தடுத்தது? பயணிகள் இல்லாவிட்டால் எப்படி வளரும்?" என்று வருவீர்கள். சொல்கிறேன். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்ததற்கே தெற்கில் சிலர் கொதித்தார்கள். நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. கட்டுநாயக்கா 2021 ஜனவரியில் திரும்பத் திறந்துவிட்டது. பலாலிக்கு விமானம் திரும்பி வந்தது 2022 டிசம்பர் 12ஆம் திகதி. இடையில் போன இரண்டு வருடமும் பயணிகளின் குற்றமா? 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையில் இருந்து வரத் தொடங்கியது. ஆள் இல்லாத இடத்துக்கு இரண்டாவது நிறுவனம் ஏன் வருகிறது?

பயணிகள் கணக்குப் பார்த்துத்தான் விமான நிலையம் கட்ட வேண்டும் என்றால் தெற்கில் மத்தளை விமான நிலையத்துக்கு அந்தக் கணக்கை யார் பார்த்தது? 3,500 மீற்றர் ஓடுபாதை, 2013இல் திறப்பு, வந்து இறங்க விமானம் இல்லை. அங்கே கடன் வாங்கிக் கட்டலாம். எங்களுக்கு மட்டும் முதலில் ஆளைக் காட்டு, பிறகு கட்டுகிறோம் என்பார்களாம்.

"ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் சென்னை, போதாதா?" என்று ஒரு அண்ணா கேட்டிருந்தார். போதாது அண்ணா. வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கள் சனம் இன்னமும் கட்டுநாயக்காவில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வீதியால் வான் வண்டியில் வருகிறது. வயது போன ஆட்களுக்கு அந்தப் பயணம் எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

ஒரேயொரு எதிர்க்கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. "பலாலியைப் பெருப்பிக்க வேண்டும் என்கிறாய், அப்போது காணி?" என்று வசாவிளானைச் சேர்ந்த ஒரு அக்கா கேட்டிருந்தார். 2013இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைப் படைக்குச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்களே, அந்தப் பகுதி ஊர் அது. வழக்குப் போட்டுத்தான் சனம் நின்றது. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது, அதற்குப் பிறகும் துண்டு துண்டாக விடுகிறார்கள். காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கிற சனத்திடம் போய், விமானம் வருகிறது, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? எங்கள் வீட்டு உறுதியும் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது.

அக்கா, உங்களுக்கு என் பதில் இதுதான். விமான நிலையத்துக்கு எவ்வளவு காணி தேவை, படை வைத்திருப்பது எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக வரைபடத்தில் கீறிக் காட்டச் சொல்லுங்கள். ஓடுபாதைக்குத் தேவையான துண்டுக்கு நியாயமான நட்டஈடும் மாற்றுக் காணியும் கொடுக்கட்டும். மிச்சத்தை விடட்டும். விமானத்தின் பெயரைச் சொல்லி ஒரு பரப்புக் காணியும் கூடுதலாக எடுக்கக்கூடாது. அந்த வரைபடத்தை முதலில் காட்ட வேண்டியது முதலீட்டாளருக்கு இல்லை, உங்களுக்கு. பிரதேச சபைக்கு இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விருப்பமான ஆட்கள், முக்கியமாக வலிகாமம் வடக்கில் காணி உள்ள ஆட்கள், உள்பெட்டியில் வாருங்கள்.