குளத்துக்கு இடம் தேடுவோர் முதலில் கீழ்க்குளத்தின் வானைப் பார்க்க வேண்டும்

வவுனியாவுக்குத் தெற்கே, அருவி ஆற்றுக்கு நீர் கொண்டுபோகும் ஒரு சிற்றோடையில் எங்கள் ஊர்க்குளம் இருக்கிறது. அதற்கு ஒன்றரைக் கிலோமீற்றர் மேலே, காட்டுக்குள், கட்டு உடைந்து தலைமுறைகளாகத் தூர்ந்து கிடந்த இன்னொரு குளத்தை ஆறு வருடங்களுக்கு முன்னர் ஒரு திட்டத்தின் கீழ்ப் புனரமைத்தார்கள். கட்டை உயர்த்தி, வயலுக்கு நீர் திறந்துவிடும் புதிய துருசு வைத்து, குளம் நிரம்பியதும் மிகுதி நீர் வழிந்தோடும் வானையும் கொங்கிறீற்றில் கட்டினார்கள். அன்று எங்கள் ஊரிலும் எல்லோரும் மகிழ்ந்தோம். அதன் பிறகு வந்த ஆறு காலபோகங்களில், அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போகங்களில், எங்கள் குளம் இரண்டு முறைதான் வான் பாய்ந்திருக்கிறது. முன்னர் பத்து வருடத்தில் ஏழெட்டு வருடம் வான் பாய்ந்த குளம் அது.

நான் சிறுகுளங்களைப் புனரமைப்பதற்கு எதிரானவன் அல்லன். பாசனப் பரப்பு 200 ஏக்கருக்குக் குறைந்த குளங்களைத்தான் நமது நாட்டில் சிறுகுளம் என்கிறோம். வன்னியில் பெரும்பாலான கமக்காரரின் வாழ்வு அவற்றையே நம்பி இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் குளம் கட்டுவது, எதைப் புனரமைப்பது என்ற தெரிவை ஒவ்வொரு குளமாகத் தனித்தனியே செய்வது தவறு என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக அமைந்த குளங்கள் எல்லாம் ஒரே நீரைக் கைமாற்றிக் கொள்பவை. மேல்குளத்தின் வான் நீரும், அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் கீழ்க்குளத்தின் வரவு. புவியியல் பேராசிரியர் மத்துமபண்டார 1985 ஆம் ஆண்டில் இந்த அமைப்பைக் குளத்தொடர் என்ற கருத்தாக எழுத்தில் வைத்தார். எங்கள் பாட்டன்மாருக்கு அது நடைமுறையாகவே தெரிந்திருந்தது.

ஆறு வருடக் குறைவில் மழையின் பங்கும் இருக்கலாம் என்பதால், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் குளம் நிரம்பும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேயர்; கட்டின் அருகே ஆழம் 3 மீற்றர். பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி அதில் பத்தில் நான்கு பங்கை எடுத்தால் சிறுகுளத்தின் கொள்ளளவு கிடைக்கும் என்பது இங்கே நீண்ட காலமாகப் பயன்படும் விதி. அதன்படி 2,40,000 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 195 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி). காலபோகத்தில் மழையும் கைகொடுப்பதால் ஏக்கருக்கு மூன்று ஏக்கர் அடி போதும் என்று வைத்தால், 65 ஏக்கர் விதைக்கலாம். மழை குறைந்த ஒரு காலபோகத்தில் 600 மில்லிமீற்றர் பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவரும் என்று கொண்டால், குளம் ஒரு முறை நிரம்ப 200 ஹெக்டேயர் நீரேந்து பகுதி வேண்டும். எங்கள் குளத்துக்கு இருந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான். மேல்குளம் அதில் 80 ஹெக்டேயரின் நீரைத் தடுத்துக்கொள்கிறது. நல்ல மழை வருடத்தில் இது தெரியாது, ஏனெனில் மேல்குளமும் நிரம்பி வழிந்துவிடும். மழை குறைந்த வருடத்தில் மேல்குளம் வான் பாயாது. எங்களுக்கு 120 ஹெக்டேயரின் நீர்தான் வரும். 65 ஏக்கர் 39 ஏக்கராகிறது. மேல்குளத்தின் கீழ்ப் புதிதாக விதைக்கப்படும் நிலம் இந்த இழப்பை ஈடுசெய்கிறதா என்று கேட்டால், மழை குறைந்த வருடங்களில் அங்கும் பயிர் பாதியில் வாடுகிறது.

இரண்டு குளம் இருந்தால் இரட்டை நீர் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஆவியாதலை மறந்துவிடுகிறார்கள். எங்கள் நிலம் தட்டையானது. குளங்கள் அகலமானவை, ஆழமற்றவை. மேலே சொன்ன குளத்தின் சராசரி ஆழம் 1.2 மீற்றர் மட்டுமே. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால், பெப்ரவரி தொடக்கம் ஓகஸ்ட் நடுப்பகுதி வரையான 200 நாட்களில் 1 மீற்றர் நீர் போய்விடுகிறது. அதே நீரை இரண்டு குளங்களில் பரப்பி வைத்தால் வெயில் படும் பரப்பு கூடுகிறது. ஆழமாகத் தோண்டினால் போயிற்று என்று சொல்வோரும் உண்டு. துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்குப் பாயாது. மாடுகளுக்கும் மீனுக்கும் உதவலாம், அவ்வளவே. அதோடு, அடியில் படிந்து கசிவைத் தடுத்து நிற்கும் களிப்படையை இயந்திரம் கிழித்துவிட்டால், நிற்கும் நீரும் நிற்காது.

இப்போது இடத் தெரிவைக் கணினியில் செய்கிறார்கள். செய்மதி தரும் உயரத் தரவை எடுத்து, சரிவு, மண், ஓடை, வீதிக்குள்ள தூரம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து, பச்சை நிறத்தில் பொருத்தமான இடங்களைக் காட்டுகிறார்கள். பெரிய ஆற்றுப் படுகையில் முதற்கட்டமாகச் சல்லடை போட அது பயன்படும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரவலாகப் பயன்படும் அந்தத் தரவு 30 மீற்றர் கட்டங்களாக இருப்பது. உயரத்தில் சில மீற்றர் பிழை உள்ளது. அடர்ந்த காட்டில் தரையை விட்டு மரத்தின் தலைப்பக்கத்தையே உயரமாகக் காட்டுவது. எங்கள் குளத்தின் மொத்த ஆழமே 3 மீற்றர். அந்தப் பிழைக்குள் ஒரு முழுக் குளமே மூழ்கிவிடும். நில உயரத்தை அளக்கும் மட்டமானியைத் தோளில் வைத்துக்கொண்டு பற்றைக்குள் இறங்காமல், நீர் பரவி நிற்கும் அலைகரை எதுவரை வரும், வான் எந்தப் பாறையில் அமரும், எவருடைய காணி நீரில் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது.

தூர்ந்த குளம் ஒன்று கிடைத்துவிட்டால் இந்த ஆய்வெல்லாம் தேவையில்லை, முன்னோர் தெரிந்துதானே கட்டினார்கள் என்ற வாதத்தைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். முன்னோர் தெரிந்து கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லாக் குளத்தையும் வயலுக்காகக் கட்டவில்லை. தொடரின் தலைப்பில், காட்டுக்குள் இருந்த சிறு குளங்கள் பல, வண்டலைத் தடுத்து வைக்கவும், காட்டு விலங்குகளும் மாடுகளும் நீர் குடிக்கவும் இருந்தவை. அவற்றில் துருசே இருந்ததில்லை. வேறு சில, வரவு போதாமல் அந்த மக்களே கைவிட்டவை. எங்களுக்கு மேலே உள்ள குளத்தைப் புனரமைத்தபோது பழைய துருசின் கல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று அங்கு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் யாராவது ஒருவர் வேலையை நிறுத்தி யோசித்திருக்க வேண்டும்.

குளத்து நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் எங்கள் ஊரின் முதிய வட்டவிதானை ஐயா ஒருவர், புனரமைப்பு ஆய்வுக்கு வந்தவர்களிடம், "தம்பி, கீழ்க்குளம் பத்து வருடத்தில் எத்தனை தரம் வான் பாய்ந்தது என்று கேட்டீர்களா?" என்று கேட்டார். அவர்களின் படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. இடத் தெரிவுக்கு அதைவிடச் சிறந்த முதற்கேள்வியை நான் இன்றுவரை அறியவில்லை. கீழ்க்குளம் பெரும்பாலான வருடங்களில் வான் பாய்கிறது என்றால் அந்தத் தொடரில் மிகுதி நீர் உண்டு, மேலே சேமிக்கலாம். வான் பாய்வது அரிது என்றால் மேலே எந்த இடம் எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அங்கே கட்டுவது ஒருவரின் நீரை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதே. பதிவு இல்லாத இடத்தில் ஓர் அளவுப் பலகையை நட்டு இரண்டு மாரி காத்திருக்கலாம். ஒரு கட்டு அரை நூற்றாண்டு நிற்கப் போகிறது.

இந்தக் கணக்கு எங்கள் ஊரோடு நிற்பதுமில்லை. ரிட்டிகல மலைப்பகுதியில் தோன்றி, அநுராதபுரத்தைக் கடந்து, 164 கிலோமீற்றர் ஓடி மன்னாரில் கடலைச் சேரும் அருவி ஆற்றை, கடைசியில் தேக்கம் அணையில் மறித்துத்தான் மன்னாரின் பெரிய குளமான கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் கொண்டுபோகிறார்கள். மேலே நூறு இடங்களில் சிறிது சிறிதாகத் தடுப்பதை மழை குறைந்த வருடத்தில் மன்னார்க் கமக்காரர் உணர்வார்கள். அவர்களை எந்தக் கிராமக் கூட்டத்துக்கும் எவரும் அழைப்பதில்லை.

கடந்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இரு குளங்களின் கமக்கார அமைப்புகளும் ஒன்றாக அமர்ந்தன. மேல்குளத்தின் வானை ஒன்றரை அடி தாழ்த்துவது, அங்கே கோடையில் குளத்து நீரைக் கொண்டு செய்யும் சிறுபோகம் செய்வதில்லை என்று எழுதிக்கொள்வது, பதிலுக்கு எங்கள் குளத்தின் கீழ் அவர்களில் நிலமற்ற ஆறு குடும்பங்களுக்குச் சிறுபோகத்தில் பங்கு கொடுப்பது என்று பேசி முடித்தோம். பங்கு கொடுக்க எங்கள் பக்கத்தில் இருவர் இன்னும் சம்மதிக்கவில்லை. வானைத் தாழ்த்த அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன் வந்தால் இந்தக் காலபோகத்திலேயே செய்துவிடலாம்.