கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு காசிமேட்டுக்கு வந்த தம்பிக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி இருக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் தோளில் ஒரு சன் கான்யூர் கிளி. பழுத்த மாம்பழம் போல மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருந்தது. கூண்டு இல்லை, வார் இல்லை, ஒரு நூல்கூட இல்லை. மீன் விற்கும் அம்மாக்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாலைந்து பேர் செல்போனைத் தூக்கினார்கள். தம்பியின் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

நான் பறவையைத்தான் பார்த்தேன். இறகுகளை உடம்போடு ஒட்ட இழுத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, குச்சியாக மெலிந்து நின்றது. விரல்கள் சட்டைக் காலரைக் கவ்வியிருந்த இடத்தில் துணி சுருண்டு போயிருந்தது. வாயே திறக்கவில்லை. கான்யூர் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது வீட்டில் பத்து நிமிடம் சத்தம் போடாமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு விளக்கேற்றுவார். "எவ்வளவு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்" என்றார் என் பக்கத்தில் நின்ற அம்மா. பயந்துபோன கிளி அப்படித்தான் உட்காரும். அவரிடம் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும், "பறந்துவிடாதா?" என்று கேட்டேன்.

"போகாது அண்ணா. குஞ்சிலிருந்து நான்தான் ஊட்டி வளர்த்தேன். என்னை விட்டு எங்கே போகும்?"

இதே வார்த்தைகளை நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தேன். அங்கே, ஐஸ் பெட்டிகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவில், விளக்கிச் சொல்ல நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை சுப்பு என்று ஒரு காக்டெய்ல் கிளி இருந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. குக்கர் விசிலை அச்சாக எடுத்துவிடும். மூன்று விசில் வைக்க வேண்டிய இடத்தில் அது ஒன்று சேர்த்துக் கொடுத்து, என் மனைவி அடுப்பை அணைத்து, வேகாத பருப்பில் சாம்பார் சாப்பிட்ட நாட்கள் உண்டு. மாலை ஐந்து மணிக்கு என் மகள் அதைத் தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாள். எட்டு மாதம் தினமும் போனாள். ஒரு நாளும் அது அசைந்ததில்லை. எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம். அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

மே மாதம் ஒரு மாலை. சரக்கு ரயில் ஒன்று வழக்கமாக ஊதும் இடத்துக்கு முன்னாலேயே ஊதிவிட்டது. அவ்வளவுதான். மகள் தோளிலிருந்து எதிர் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டி மேல் போய்விட்டது. அது எங்களை விட்டுப் போக நினைக்கவே இல்லை. காக்டெய்ல் இயல்பிலேயே திடுக்கிடும் பறவை. ராத்திரியில் பல்லி ஓடினால்கூடக் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். சத்தம் கேட்டதும் உடம்பு பறந்துவிடுகிறது, புத்தி பிறகுதான் வந்து சேர்கிறது. நம் மீது அதற்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அந்த அரை நொடியில் உதவாது. பிள்ளையைத் தூக்கி வளர்த்த பாட்டிகூடப் பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளத்தான் செய்வார்.

சரி, பயந்து போய்விட்டது. நாம் கூப்பிட்டால் திரும்பி வரவேண்டியதுதானே? இங்கேதான் பலருக்கும் விஷயம் தெரிவதில்லை. வீட்டுக்குள் வளர்ந்த பறவைக்குப் பறக்கத் தெரியும், இறங்கத் தெரியாது. கதவு மேலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து தோளுக்கு என்று அது பறந்ததெல்லாம் பத்தடி, பன்னிரண்டடி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில். நாற்பதடி உயரத்திலிருந்து தரைக்கு வருவது தனி வித்தை. காற்றைப் பார்த்து, வட்டமடித்து, வேகத்தைக் குறைத்து, உட்காரும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். காட்டில் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்கத் தொடங்கிய முதல் வாரங்களிலேயே பெரியவற்றோடு சுற்றி இதைப் படித்துவிடுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வயதில் பிளாஸ்டிக் டப்பாவில் கைத்தீனி சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

சுப்பு தொட்டி விளிம்பில் நின்று எங்களைப் பார்த்துக் கத்தியது. நாங்கள் விசிலடித்தால் பதில் விசிலடித்தது. விளிம்புக்கு வரும், கழுத்தைக் கீழே நீட்டும், இறக்கையைப் பாதி விரிக்கும், மறுபடி பின்னால் போய்விடும். நாற்பது நிமிடம் இதே கதை. அந்த வீட்டு மொட்டை மாடிச் சாவி வைத்திருந்தவர் பொன்னேரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதற்குள் காகங்கள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. தன் இடத்தில் புது நிறத்தில் ஒரு பறவை உட்கார்ந்தால் காகம் சும்மா விடாது. ஒன்று முன்னால் நின்று பராக்குக் காட்டியது, இன்னொன்று வாலைப் பிடித்து இழுத்தது. சுப்பு எழும்பியது. நூறு கிராம்கூட இல்லாத உடம்பு, மாலை நேரத்துக் கடற்காற்று. தண்டவாளத்துக்கு மேலே சாம்பல் புள்ளியாகப் போனதைத்தான் கடைசியாகப் பார்த்தோம்.

அப்புறம் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரோ தண்டையார்பேட்டைப் பக்கம் பார்த்ததாகச் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் கிழக்கே தேடினேன். சென்னையில் கோடையில் மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து ஊருக்குள் அடிக்கும். மிரண்ட சின்னப் பறவை பெரும்பாலும் காற்றின் போக்கில்தான் போகும். முதல் நாளே மேற்கே போயிருக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் புத்தி வந்து வியாசர்பாடிப் பக்கம் நோட்டீஸ் ஒட்டினேன். இதற்கிடையில் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் குக்கர் விசில் அடித்துப் பழகிவிட்டார்கள். யார் வீட்டில் உண்மையாகவே சோறு வேகிறது என்று தெரியாமல் தெருவே குழம்பியது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

இதில் வடசென்னைக்கென்று சில கூடுதல் ஆபத்துகள் இருக்கின்றன. தம்பி நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்திருந்தால் முதல் ஆபத்து தெரிந்திருக்கும். மீன் கழிவுக்காகத் துறைமுகத்துக்கு மேல் பருந்துகள் எந்த நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். ஐஸ் லாரி மேலிருந்தே குடலைக் கொத்திக்கொண்டு போகும் பறவைக்கு, தடுமாறிப் பறக்கும் ஒரு மஞ்சள் பறவை எவ்வளவு எளிது! வல்லூறு இன்னும் மோசம். புறா அளவுதான் இருக்கும், மரத்துக்குள் மறைந்திருந்து பாயும், நம் கண்ணுக்கே படாது.

அடுத்தது மாஞ்சா. பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் பக்கம் வானம் முழுக்கக் காத்தாடிதான். 2019-இல் எங்கள் கொருக்குப்பேட்டையிலேயே, தகப்பனோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்தது. தடை இருக்கிறது, கைதும் நடக்கிறது, நூலும் விற்கிறது. அறுந்த நூல் மழைக்காலம் வரை மின்கம்பியிலும் வேப்ப மரத்திலும் தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடித் தூள் பூசிய நூல் இறக்கையில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப்போவதில்லை. ஒரு முறை காகத்தை அப்படிப் பார்த்தேன், போதும்.

"இறக்கையை வெட்டிவிட்டேன், பிரச்சினை இல்லை" என்பவர்கள் தனிக் கூட்டம். வெட்டிய இறகு அப்படியே நிற்காது. இறகு உதிரும் பருவத்தில் அடிக்கட்டை விழுந்து புது இறகு முளைக்கும். பக்கத்துக்கு இரண்டு இறகு வந்தாலே காக்டெய்ல் போன்ற லேசான பறவை எழும்பிவிடும். நீங்கள் போன தீபாவளிக்கு வெட்டிய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போவீர்கள். அது இந்த வாரக் கணக்கில் பறந்துவிடும். நன்றாக வெட்டியிருந்தால் இன்னும் கேடு. காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் போடும். தரையில் விழுந்த பறவை பூனையிடமிருந்து எழும்பித் தப்பவும் முடியாது. கிளியை வளர்த்துப் பூனைக்குக் கொடுத்த கதை என்று நம் பாட்டிகள் பெண் கல்யாணத்துக்குச் சொன்ன பழமொழி இங்கே பழமொழியாக இல்லாமல் அப்படியே நடக்கிறது.

இந்தத் தோள் மோகம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மீனாட்சி கையில் கிளி. ஆண்டாள் தோளில் கிளி. அந்தக் கிளியை ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பறக்கும் கவலை அதற்கு இல்லை. அப்புறம் கிளி ஜோசியம். கதவைத் திறந்தால் நடந்து வரும், சீட்டை எடுக்கும், நெல்லைக் கொத்தும், தானாக உள்ளே போய்விடும். எவ்வளவு விசுவாசம் என்று சின்ன வயதில் பிராட்வேயில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இறக்கையை வெட்டிவிட்டால் நடக்காமல் என்ன செய்யும்? 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியின் ஜோசியரை வனத்துறை பிடித்தது நினைவிருக்கலாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு மாடியில் திறந்துவிட வேண்டாம். கையில் ஊட்டி வளர்த்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பறவைக்கு வெயில் வேண்டும். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி உடம்பில் ஊற நேரடி வெயில் தேவை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கான கதிர் பெருமளவு வடிகட்டப்பட்டுவிடும். அதற்குக் கூண்டோடு வெளியே கொண்டு போனால் போதுமே. காலை எட்டு மணிக்குள், பாதிக் கூண்டுக்குத் துணி போட்டு நிழல் வைத்து, பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். பறவைக்கு வியர்க்காது. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே உள்ளே கொண்டு போய்விட வேண்டும். உடம்போடு மாட்டும் வாரும் கிடைக்கிறது. சின்ன வயதிலேயே, வாரக்கணக்கில், தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் ஏற்றுக்கொள்ளும். அப்போதும் வாரை அலகால் கடித்து அறுக்கிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். காலில் சங்கிலி மட்டும் வேண்டவே வேண்டாம். மிரண்டு எழும்பும்போது மொத்த வேகமும் அந்தத் தீக்குச்சிக் காலில்தான் வந்து இறங்கும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் மலை உச்சியில் பஞ்சவர்ணக் கிளி பறந்து வந்து கையில் உட்காருகிறதே என்று கேட்பீர்கள். பறக்கத் தொடங்கும் வயதிலிருந்து, ஆளில்லாத வெட்டவெளியில், படிப்படியாகப் பழக்கியவை அவை. அவர்களும் பறவைகளைத் தொலைக்கிறார்கள், அந்தக் காணொளியைப் போடுவதில்லை. மணலி சாலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே அந்த வித்தையைக் காட்ட முடியாது.

தொலைந்தே போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. பறவையைக் கண்ணிலிருந்து விடாதீர்கள். அதன் கூண்டைக் கதவு திறந்து மாடியில் வையுங்கள், ஜோடிப் பறவை இருந்தால் அதை இன்னொரு கூண்டில் பூட்டிப் பக்கத்தில் வையுங்கள். தெரியாத ஆளை மரத்தில் ஏற்றாதீர்கள், இன்னும் மேலே போய்விடும். இருட்டிவிட்டால் அது பெரும்பாலும் இடம் மாறாது. விடியற்காலையில் அது கத்தத் தொடங்கும் முன்பே நீங்கள் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

நான்காம் நாள் வியாசர்பாடியிலிருந்து ஒருவர் போன் செய்தார். தண்ணீர் டிரம் மேல் ஒரு காக்டெய்ல் வந்து உட்கார்ந்ததாம், கை நீட்டியதும் ஏறிவிட்டதாம். மகளும் நானும் ஆட்டோவில் பறந்தோம். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, எல்லாம் சரி. மகள் ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதன் காலில் ஓர் அலுமினிய வளையம் இருந்தது. சுப்புவுக்கு வளையம் இல்லை. வேறு யாரோ "என்னை விட்டு எங்கே போகும்" என்று சொன்ன பறவை அது.

அதை அவர்களே வளர்த்தார்கள். போன வாரம் அந்த வீட்டுக்காரர் மறுபடி பேசினார். என் பழைய நோட்டீஸ் இன்னும் ஏதோ சுவரில் இருக்கிறது போலும், அதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கையூரிலிருந்து ஒருவர் அது தன் பறவைதான் என்று கேட்டு வந்தாராம். கால் வளையத்தில் என்ன எண் இருக்கிறது என்று அவரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். வளையம் இருந்ததே அவருக்கு நினைவில்லையாம்.