மைன்ஹன்டரோட ஒரு வருஷத்த எத்தனை மைன் எடுத்தாங்கனு வச்சு அளக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம், இன்னைக்கு எழுதிடுறேன்.

கடற்படைன்னாலே பேச்சு விமானந்தாங்கி, சப்மரீன், ஏவுகணைனுதான் போகும். கடலுக்கு அடியில போட்டு வச்ச கண்ணிவெடிய தேடி அழிக்கிற மைன்ஹன்டர் கப்பல பத்தி யாரும் வாய் திறக்கிறதில்ல. அம்பது அறுபது மீட்டர் நீளம், நாப்பது பேர் சொச்சம் ஆளுங்க, முன்னாடி ஒரு சின்ன பீரங்கி, அவ்ளோதான் கப்பல். வருஷக் கடைசில "இந்தக் கப்பல் இந்த வருஷம் இத்தனை மைன் அழிச்சது"னு ஒரு செய்தி வரும், அந்த எண்ணிக்கை கம்மியா இருந்துட்டா உடனே "இதுக்கா இவ்ளோ செலவு"னு கேக்குறாங்க. அந்தக் கேள்விதான் எனக்குத் தாங்கல. "இந்த வழி சுத்தம், தைரியமா போ"னு அந்தக் கப்பல் எவ்வளவு கடலுக்கு உறுதி குடுத்துச்சுனு யாருமே கேக்குறதில்லயே.

நான் வணிகக் கப்பல்ல இன்ஜின் ரூம் ஆளு. என் வேலை நடக்குறது தண்ணி மட்டத்துக்குக் கீழ. மைன் வெடிச்சா முதல் அடி விழுற இடம் அது. அதனால எனக்கு இது ஆர்வத்துக்குப் படிக்கிற விஷயத்த தாண்டினது.

முதல்ல அந்த வேலை எப்படி நடக்குதுனு சொல்லணும், ஏன்னா நிறைய பேர் சினிமால வர மாதிரி மிதக்குற முள்ளு வச்ச உருண்டைய பாத்து சுட்டுட்டுப் போறாங்கனு நினைக்கிறாங்க. அந்த மாதிரி சங்கிலில கட்டி மிதக்க விட்ட மைன் இன்னும் இருக்கு, ஆனா ரொம்ப கஷ்டம் குடுக்குறது தரையில படுத்துக் கிடக்குற வகை. கப்பலோட இரும்பு காந்தப்புலத்துல உண்டாக்குற மாற்றம், இன்ஜினோட புரொப்பல்லரோட சத்தம், கப்பல் மேல போகும்போது தண்ணில வர அழுத்த மாற்றம், இதெல்லாம் கேட்டுக்கிட்டே கிடக்கும், சிலதுல மூணையும் சேத்துப் பாத்துதான் வெடிக்கும். அதுக்கும் மேல ஷிப் கவுண்டர்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, முதல்ல போற அஞ்சு கப்பல விட்டுட்டு ஆறாவது கப்பலுக்கு வெடினு செட் பண்ணி வைக்கலாம். யோசிச்சுப் பாருங்க, பழைய முறைல ஸ்வீப் பண்ணிட்டு, அதாவது கயிறு அறுக்குற கருவியோ கப்பல் மாதிரி காந்தமும் சத்தமும் காட்டுற கருவியோ பின்னாடி இழுத்துட்டுப் போயிட்டு, ஒண்ணும் வெடிக்கலனு வந்துட்டா அந்த இடம் சுத்தம்னு எப்படி சொல்றது? அதான் ஒவ்வொண்ணா தேடிப் பாக்குற மைன்ஹன்டிங் வந்துச்சு.

அதுல மனுஷன் நடக்குற வேகத்துலதான் கப்பல் போகும். கடலை கோடு கோடா லேன் பிரிச்சுக்குவாங்க, ஒரு லேன் முடிச்சு திரும்பி அடுத்த லேன், உழவு மாதிரி. ஒலிய அனுப்பி எதிரொலிய வச்சுப் பாக்குற சோனார் சில நூறு மீட்டர்தான் முன்னாடி பாக்கும், ஸ்கிரீன்ல ஒரு புள்ளி தெரிஞ்சா அதோட நீளம், அதோட நிழல் விழுற வடிவம் இதெல்லாம் வச்சு மைன் மாதிரி இருக்கா இல்லையானு ஒருத்தர் முடிவு பண்ணணும். சந்தேகம்னா கப்பல நிறுத்தி, கேமரா வச்ச ஒரு குட்டி ரோபோவ கேபிள்ல விட்டுப் பாக்கணும், இல்ல டைவர் இறங்கணும். இறங்குற டைவரோட மூச்சுக் கருவி கூட காந்தம் ஏறாத பொருள்ல இருக்கணும், குமிழி சத்தம் குறைவா இருக்கணும், ஏன்னா கீழ இருக்கிறது கேக்குற சாதனம். அவ்ளோ பாடுபட்டு கிட்டப் போய்ப் பாத்தா பாறை. இல்ல பழைய நங்கூரம், பீப்பாய், யாரோ தூக்கிப் போட்ட வாஷிங் மெஷின். பத்துல ஒம்பது தடவைக்கும் மேல இப்படித்தான் ஆகும். ஆனா அந்தப் பாறைய சார்ட்ல குறிச்சு வைக்கிறாங்க பாருங்க, அதுதான் அடுத்த வருஷத்துக்கு சொத்து. நாளைக்கு நிஜமாவே யாராவது மைன் போட்டா, "போன தடவை இங்க இந்தப் பொருள் இல்லயே"னு சொல்ல அந்தப் பழைய சர்வே வேணும். துறைமுக வாசல்ல அமைதிக் காலத்துல திரும்பத் திரும்ப சர்வே பண்றது இதுக்குத்தான். செய்தில வராது, எண்ணிக்கைல சேராது.

அப்புறம் கப்பலே தனி வகை. பெரும்பாலும் கண்ணாடி இழை, இல்ல மரம். பிரிட்டன்காரங்க 1973ல வில்டன்னு ஒரு கப்பல முழுக்க கண்ணாடி இழைல கட்டி காமிச்சாங்க, அதுக்கப்புறம்தான் ஹன்ட் வகை, பிரான்ஸ் பெல்ஜியம் நெதர்லாந்து மூணும் சேந்து கட்டின ட்ரைபார்டைட் வகை எல்லாம் வந்துச்சு. அமெரிக்காவோட அவெஞ்சர் வகை மரத்துல கட்டி மேல கண்ணாடி இழை பூசினது. இன்ஜின் ரூம் ஆளா எனக்கு இதுல பிரமிப்பு என்னன்னா, டீசல் இன்ஜினையே முடிஞ்ச வரைக்கும் காந்தம் ஏறாத உலோகத்துல செஞ்சு, அதிர்வு வெளிய போகாம ரப்பர் மவுன்ட்ல தூக்கி வச்சிருப்பாங்க. எங்க கப்பல்ல ஒரு பம்ப் சத்தம் போட்டா அடுத்த துறைமுகத்துல பாத்துக்கலாம்னு விடுவோம், அங்க அந்த சத்தம் ஆளைக் கொல்லும். கப்பலோட காந்த அளவ குறிப்பிட்ட இடைவெளில சோதனைத் தளத்துல ஓட்டிப் பாத்து சரி பண்ணணும், உள்ள புதுசா ஏறுற இரும்பு சாமானுக்குக் கூட கணக்கு வேணும்.

இந்த காந்த விஷயமே எப்படி தெரிஞ்சுச்சுனா அது ஒரு பெரிய கதை. 1939 நவம்பர்ல ஜெர்மன் விமானம் போட்ட மைன் ஒண்ணு இங்கிலாந்துல ஷூபரினஸ் கடற்கரைச் சேத்துல விழுந்துச்சு, ஜான் ஊவ்ரினு ஒரு கடற்படை அதிகாரி காந்தம் இல்லாத கருவிகள வச்சு அத கழட்டினாரு. உள்ள என்ன இருக்குனு யாருக்கும் தெரியாது, அவரும் கூட இருந்தவரும் கைய வச்சாங்க. அத கழட்டினப்புறம்தான் கப்பல்கள சுத்தி கேபிள் போட்டு காந்தத்த குறைக்கிற டீகாஸிங் வேகமா பரவிச்சு. எத்தனை மாலுமி அதனால வீடு திரும்பினாங்கனு எந்தக் கணக்குலயும் வராது.

சரி, ஒரு வருஷம் எப்படி ஓடும்? மராமத்து முடிஞ்சு வெளிய வந்த கப்பல் நேரா வேலைக்குப் போக முடியாது, தீ, வெள்ளம், ஆள் கடல்ல விழறது, மைன் வெடிச்சா என்ன பண்றதுனு வாரக்கணக்குல பயிற்சி, தேர்வு. அப்புறம் நேட்டோ நாடுங்கன்னா 1973ல இருந்து பல நாட்டு மைன் கப்பல்கள் ஒண்ணா சுத்துற நிரந்தரக் குழு ஒண்ணு இருக்கு, அதுல போய் சேருவாங்க. பால்டிக் கடல்ல ஓப்பன் ஸ்பிரிட்னு ஒரு கூட்டு வேலை நடக்கும், எஸ்டோனியா லாட்வியா லித்துவேனியா பக்கம் ரெண்டு உலகப் போர்லயும் போட்ட மைன தேடி எடுக்குறது. பயிற்சினு பேரு, ஆனா கீழ கிடக்குறது நிஜ வெடி. 1941 ஆகஸ்ட் கடைசில தாலின்ல இருந்து சோவியத் கப்பல்கள் கிளம்பினப்ப ஜுமிண்டா முனைக்கு வெளிய போட்டிருந்த கண்ணி வயல்ல சிக்கி எத்தனை கப்பல் போச்சு, அந்தப் பக்கம் இன்னைக்கும் மிச்சம் கிடைச்சுக்கிட்டேதான் இருக்கு. பால்டிக் தண்ணி உப்பு கம்மி, மேல ஒரு அடுக்கு கீழ ஒரு அடுக்குனு சோனார் ஒலி வளைஞ்சு போயிடும், அனுபவம் இல்லாத ஆளு ஸ்கிரீன பாத்து ஏமாந்துடுவான். பாரசீக வளைகுடா பக்கம் போனா அதுக்கு நேர் எதிர் கஷ்டம், அனல், தூசி. பிரிட்டன் ரொம்ப வருஷம் பஹ்ரைன்ல கப்பல அங்கயே வச்சுட்டு ஆளுங்கள மட்டும் மாத்தி மாத்தி அனுப்பினாங்க. சின்னக் கப்பல், ஆட்டம் அதிகம், பாதிப் பேர் வேலைல மீதிப் பேர் தூக்கத்துலனு மாறி மாறி நாள் போகும். மைன் இருக்கலாம்னு சந்தேகப்படுற பகுதில வேலை இல்லாதவங்கள கீழ் தளத்துல இருக்க விட மாட்டாங்க. இன்ஜின பாக்குறவன் மட்டும் கீழதான் இருந்தாகணும். அந்த ஒரு வரில எனக்கு எல்லாமே புரிஞ்சுடுது.

எண்ணிக்கைனு பேசினோம்ல, 1991 வளைகுடாப் போர் முடிஞ்சப்புறம் ஜப்பான் பண்ணின வேலைய பாருங்க. அவங்க கடற்படை முதல் தடவையா வெளிநாட்டு வேலைக்குப் போனது அதுதான், மரத்துல செஞ்ச சின்ன ஸ்வீப்பர் நாலு, கூட துணைக் கப்பல் ரெண்டு, ஏப்ரல் கடைசில கிளம்பி அக்டோபர் கடைசில வீட்டுக்கு வந்தாங்க. மொத்தம் அழிச்சது 34 மைன். ஆறு மாசம், ஆறு கப்பல், ஐநூறு பேர், 34. வகுத்துப் பாத்து "இவ்ளோதானா"னு சொல்றவங்க சொல்லட்டும். மத்த நாடுங்க முடிச்சப்புறம் மிச்சம் இருந்த கஷ்டமான இடம் அவங்களுக்கு வந்துச்சு, நீரோட்டம் வேகம், தண்ணி கலங்கல், அடியில பைப்லைன். அந்த 34ல ஒண்ணே ஒண்ணு விட்டுப் போயிருந்தா ஒரு டேங்கர் போயிருக்கும், அதுல என்ன மாதிரி இருவது இருவத்தஞ்சு பேர்.

கவனிக்காம விட்டா என்ன ஆகும்னு சரித்திரம் திரும்பத் திரும்ப காமிச்சிருக்கு. 1950 அக்டோபர்ல கொரியால வொன்சான் துறைமுகத்துல சுமார் மூவாயிரம் மைன், பைரேட், பிளெட்ஜ்னு ரெண்டு அமெரிக்க ஸ்வீப்பர் ஒரே நாள்ல முழுகிச்சு, பெரிய படை ஏத்துன கப்பல்கள் எல்லாம் கடல்ல வடக்கும் தெற்குமா சுத்திக்கிட்டே நின்னுச்சு, அதுக்குள்ள தரை வழியா வந்த தென்கொரியப் படை ஊரையே பிடிச்சுடுச்சு. 1987 ஜூலைல பாரசீக வளைகுடால பிரிட்ஜ்டன்னு ஒரு டேங்கருக்கு பாதுகாப்பா அமெரிக்கப் போர்க்கப்பல்கள் போச்சு, டேங்கர் மைன்ல மோதினப்புறம் அந்தப் போர்க்கப்பல்களே டேங்கருக்குப் பின்னாடி வரிசையா வந்துச்சு, ஏன்னா பெரிய டேங்கர் இன்னொரு அடி தாங்கும், அதுங்க தாங்காது. அடுத்த வருஷம் ஏப்ரல் 14, அதே வளைகுடால சாமுவேல் பி. ராபர்ட்ஸ்னு ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் மைன்ல மோதி, இன்ஜின் ரூம்ல தண்ணி ஏறி, கப்பலோட முதுகெலும்பே உடைஞ்சு, ஆளுங்க இரும்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டி காப்பாத்தினாங்க. மைன் விலை சுமார் 1,500 டாலர், ரிப்பேர் செலவு கிட்டத்தட்ட 9 கோடி டாலர். 1991 வளைகுடாப் போர்ல பிப்ரவரி 18ல டிரிபோலி, பிரின்ஸ்டன்னு ரெண்டு அமெரிக்கப் போர்க்கப்பல் சில மணி நேர இடைவெளில மைன்ல மாட்டுச்சு, அதுல டிரிபோலிதான் மைன் எடுக்குற ஹெலிகாப்டர்களுக்கே தாய்க்கப்பல். ஒவ்வொரு தடவையும் அடி வாங்கினப்புறம் மைன் கப்பலுக்கு காசு வரும், பத்து வருஷம் அமைதியா போனா முதல்ல வெட்டுறதும் அங்கதான்.

இவங்க மேல குறையே சொல்லக் கூடாதுனு நான் சொல்லல. 2019 ஆகஸ்ட் கடைசில ஜெர்மனி பக்கம் ஃபெமர்ன்பெல்ட்ல, அதுவும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதில, 42 பழைய பிரிட்டிஷ் மைன வெடிக்க வச்சாங்க. அதுக்கப்புறம் கரை ஒதுங்கின போர்பாய்ஸ்கள, டால்பின் இனத்துக்கு நெருங்கின சின்ன ஜீவன் அது, பரிசோதிச்சப்ப சிலதுக்கு காதுல வெடி அதிர்ச்சிக் காயம் இருந்துச்சு. குமிழித் திரை போட்டு அதிர்வ குறைக்கிற முறை தெரிஞ்சிருந்தும் அப்படி பண்ணினது தப்பு, அவசரம் இல்லாத பழைய வெடிக்கு நேரம் எடுத்துக்கணும். அந்த நேரத்த குடுக்கணும்னாலும் கப்பலும் ஆளும் கூடுதலா வேணும், குறைக்க முடியாது.

இப்ப எல்லாரும் ட்ரோன்னு சொல்றாங்க. நான் எதிர்க்கல, மனுஷன கண்ணி வயலுக்குள்ள அனுப்பாம இருக்க முடியும்னா அத விட நல்லது என்ன இருக்கு. பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2019ல 12 கப்பலுக்கு ஆர்டர் குடுத்தாங்க, தாய்க்கப்பல் ஆபத்துப் பகுதிக்கு வெளிய நிக்கும், ஆளில்லா படகும் நீர்மூழ்கி ட்ரோனும் உள்ள போகும். நல்ல ஏற்பாடு. ஆனா ட்ரோன் கொண்டு வர படத்த பாத்து இது மைனா பாறையானு சொல்ற கண்ணு எங்க இருந்து வரும்? வருஷக்கணக்கா பால்டிக்லயும் வளைகுடாலயும் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்த ஆளுங்ககிட்ட இருந்துதான். மென்பொருளுக்கு கத்துக் குடுக்குற படங்களும் அவங்க சேத்து வச்சதுதான். பஹ்ரைன்ல இருந்த அமெரிக்க அவெஞ்சர் கப்பல்கள் நாலும் 2025ல ஓய்வு பெற்றாச்சு. கப்பல் பழசாகும், போகட்டும். அந்த ஆளுங்கள வேற வேற பிரிவுக்குப் பிரிச்சு அனுப்பிட்டா, அப்புறம் அவசரத்துக்கு அப்படி ஒரு டீமை உருவாக்க பல வருஷம் ஆகும், இது என்னோட உறுதியான கருத்து.

கருங்கடல பாருங்க. ரஷ்யா உக்ரைன் போர் ஆரம்பிச்சப்புறம், 2022 மார்ச்ல, கருங்கடலுக்கு வாசலா இருக்குற துருக்கியோட போஸ்பரஸ் ஜலசந்திகிட்டயே மைன் மிதந்து வந்துச்சு, துருக்கி டைவருங்க செயலிழக்க வச்சாங்க. 1907 ஹேக் ஒப்பந்தப்படி கயிறு அறுந்த மைன் தானா செயலிழக்கணும், நடைமுறைல என்ன நடந்துச்சுனு எல்லாரும் பாத்தோம். துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூணும் 2024ல சேந்து ஒரு மைன் குழு ஆரம்பிச்சாங்க. பிரிட்டன் உக்ரைனுக்கு குடுத்த செர்னிஹிவ், செர்காசினு ரெண்டு மைன்ஹன்டர் இருக்கு, போர் முடியிற வரைக்கும் ஜலசந்தி வழியா விட மாட்டோம்னு, அந்த வழியா போர்க்கப்பல் போறதுக்கு விதி வச்ச மான்ட்ரோ ஒப்பந்தத்த காட்டி துருக்கி சொல்லிடுச்சு, அதனால சொந்தக் கடலுக்குப் போக முடியாம அந்த ஆளுங்க பிரிட்டன் பக்கத்துக் கடல்லயே பயிற்சி எடுத்துக்கிட்டு இருக்காங்க. இந்த வருஷம் எத்தனை மைன் அழிச்சீங்கனு அவங்ககிட்ட கேட்டா சொந்தக் கடல்ல ஒண்ணு கூட இல்லனுதான் பதில் வரும். சண்டை நின்னதும் ஒடெசா பக்கம் தானியம் ஏத்த வரிசைல நிக்கிற எங்க கப்பல்களுக்கு முன்னாடி முதல்ல போக வேண்டியவங்க அவங்கதான். அது வரைக்கும் அவங்க சம்பளத்துலயும் பயிற்சிலயும் உதிரி பாகத்துலயும் யாரும் கை வைக்கக் கூடாது.