எந்த ஜான்சன் ஐயா?

"ஜான்சன் சொன்னார்", "ஜான்சன் காலத்தில்" என்று மொட்டையாக எழுதும் கட்டுரைகளைப் படித்துப் படித்துப் பொறுமையே போய்விட்டது. எந்த ஜான்சன்? 1755-இல் ஆங்கில அகராதி தந்த சாமுவேலா? பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸா? ஆஷஸ் கிரிக்கெட்டில் இங்கிலாந்தை மிரட்டிய மிட்செலா?

அமெரிக்க வரலாறு இன்னும் கொடுமை. லிங்கன் கொல்லப்பட்டதும் 1865-இல் அதிபரான துணை அதிபர், ஆண்ட்ரூ ஜான்சன். கென்னடி கொல்லப்பட்டதும் 1963-இல் அதிபரான துணை அதிபர், லிண்டன் ஜான்சன். ஒருவர் பிறந்தது 1808, மற்றவர் 1908! 1866-இல் கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டத்தை வீட்டோ செய்தவர் ஆண்ட்ரூ. 1964-இல் அப்படியொரு சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிண்டன். இந்த இரண்டு பேரையும் வெறும் 'ஜான்சன்' ஆக்கினால் படிப்பவன் என்னத்தைப் புரிந்துகொள்வான்?

விளையாட்டுப் பக்கமும் இதே கதிதான். 1988 சியோலில் ஊக்கமருந்தால் 100 மீட்டர் தங்கத்தைப் பறிகொடுத்தவர் பென். 1996 அட்லாண்டாவில் 200, 400 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் மைக்கேல். ஒருவரின் களங்கம் இன்னொருவர் தலையில் விழலாமா?

'நாசாவின் ஜான்சன்' என்றால் கணித மேதை கேத்ரின் ஜான்சனா, ஹூஸ்டன் விண்வெளி மையமா? அந்த மையமும் லிண்டன் பெயரில்தான் இருக்கிறது! முதல் பெயரையும் சேர்த்து எழுதினால் மை தீர்ந்துவிடுமா?