சிரிப்பு எமோஜி போட்ட நண்பர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டத்தில், இங்கிலாந்தில் அச்சு வந்த புதிதில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சிட்ட லத்தீன் இலக்கண நூல்களைப் பற்றிப் பேசினேன். நடந்த முழுவதையும் மறுபடி விளக்கப் போவதில்லை. இருந்தவர்களுக்குத் தெரியும். "அச்சு வரலாறு என்றால் காக்ஸ்டன் அச்சகம், சாசர் கவிதை என்று பேசுங்கள் சார், பிள்ளைகளின் லத்தீன் கைடெல்லாம் எதற்கு?" என்றார் ஒரு பெரியவர். உடனே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

ஐயா, இங்கிலாந்துக்கு அச்சைக் கொண்டுவந்த அந்தக் காக்ஸ்டனே, டொனாடஸ் என்ற பழைய ரோமானிய ஆசிரியரின் லத்தீன் இலக்கணத்தை அச்சிட்டவர்தான். அவருக்குப் பின் அவர் அச்சகத்தை நடத்திய விங்கின் டி வோர்டே திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்றதும் பள்ளி இலக்கணங்களைத்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 1483-இல் பள்ளி ஆசிரியர் அன்விகில் எழுதிய லத்தீன் இலக்கணம் வந்தது. கூடவே பழைய ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் நாடகங்களிலிருந்து எடுத்த வாக்கியங்கள், ஆங்கிலத்தோடு. அச்சகங்களுக்குச் சோறு போட்டதில் இந்தக் கைடுகளுக்குப் பெரிய பங்குண்டு.

அதே காலத்துப் பள்ளி ஆசிரியர் ஸ்டான்பிரிட்ஜின் லத்தீன் பயிற்சி நூலைப் புரட்டிப் பாருங்கள். "நீ நாறுகிறாய்." "தள்ளி உட்கார், இல்லை ஒரு அறை விடுவேன்." இதையெல்லாம் லத்தீனில் சொல்லப் பழக்கினார்கள்! அந்தக் காலத்துப் பையன்கள் வேறு எந்தக் காவியத்தில் சார் இப்படிப் பேசுகிறார்கள்?

"மனப்பாடமும் பிரம்படியும்தானே" என்பீர்கள். ஆமாம், அடித்தார்கள். அதற்காக? அடி வாங்கியவனும் வாசகன்தான். அவன் கைபட்டே கிழிந்ததால்தான் பல பதிப்புகளில் இன்று ஒற்றைப் பிரதிதான் மிச்சம்.

விதியை முதலில் சொல்வதா, நல்ல எழுத்தைப் படித்துப் பழகுவதா என்று 1519 முதல் 1521 வரை இலக்கண ஆசிரியர்களில் விட்டிண்டன் ஒரு பக்கம், ஹோர்மனும் லில்லியும் மறுபக்கம் நின்று போட்ட சண்டைக்கு முன்னால் நம் முகநூல் சண்டையெல்லாம் தூசு. 1540-களில் மன்னர் எட்டாம் ஹென்றி, லில்லி பெயரால் வந்த இலக்கணத்தை மட்டுமே பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும் என்று ஆணையிட்டார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு பாதிரியார் வில்லியம் என்ற பையனைக் கேள்வி கேட்டுக் குடைவாரே, அது இந்தப் புத்தகப் பாடம்தான். இலக்கியம் வேண்டும் என்றீர்களே, இதோ.

"இங்கிலாந்துக்காரன் லத்தீன் படித்தால் உனக்கென்ன?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். சொல்கிறேன். என் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பிளாட்பாரத்தில் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கி வந்தார். அதில் எனக்கு முன்னால் படித்த யாரோ ஒரு பையன் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருந்தான். எனக்கு ஆங்கிலம் கற்றுத் தந்தது அந்தப் பென்சில்தான். வீட்டு ஹாலிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் 'கைடு' என்றால் சிரிப்பு வரலாம். எங்களுக்கு வராது.

சண்டைக்கு வாருங்கள், பதில் சொல்கிறேன். "பாசிட்டிவாக எழுதலாமே" என்று வருபவர்களை மட்டும் பிளாக் செய்வேன்.